மலைநாட்டுத் தொழிலாளியும் சட்டத்தின் மொழியும்



கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பாதையில் இறம்பொடை என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வழியே செல்வோர் அங்குள்ள அருவியைக் கண்டு மகிழ்ந்து அப்பால் போய்விடுவர். அருவியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களின் லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களின் தாய்மொழி தமிழ். ஆனால், அவர்களுடைய கூலியையும், குடியிருப்பையும், குடியுரிமையையும், ஏன், இந்நாட்டில் இருப்பதற்கான உரிமையையுமே வரையறுத்த சட்டங்கள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. பின்னர்ச் சிங்களத்தில் எழுதப்பட்டன. தமக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட சட்டத்துக்கு உட்பட்டு வாழும் மக்களுக்கு, இரு மொழியும் அறிந்த வழக்கறிஞர் ஒருவர் எத்தகைய துணையாகிறார்? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

சட்டத்தை அறியேன் என்று சொல்லி எவரும் தப்பிக்க இயலாது என்பது நீதிமன்றங்களின் பழைய விதி. நாட்டுச் சட்டத்தை எல்லாரும் அறிந்திருக்கிறார்கள் என்று நீதிமன்றம் கொள்கிறது. எழுத்தறிந்தவனுக்கும், சட்டம் எழுதப்பட்ட மொழியைப் பேசுகிறவனுக்கும் இவ்விதி நியாயமாகத் தோன்றலாம். அதிகாலையில் பிரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்து, இருட்டில் லயத்துக்குத் திரும்புகிற தொழிலாளிக்கோ, இவ்விதியே ஒரு பெருஞ்சுமையாகிவிடுகிறது. அச்சுமையைப் பகிர்ந்துகொள்பவரே நாம் பேசப்போகும் வழக்கறிஞர்.

முதலில், அச்சுமை எவ்வாறு தொடங்கியது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம் தோட்டத் தொழிலாளியை மாத ஒப்பந்தத்தில் வேலை செய்பவனாகக் கருதியது. தக்க அறிவித்தல் கொடாமல் வேலையை விட்டுப் போவது, கடன் பாக்கியைப் போல இரு தரப்பாருக்கிடையே தீர்க்கப்பட வேண்டிய விவகாரமாக அன்றி, சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைக்கப்பட்டிருந்தது. இதனோடு ‘துண்டு’ என்னும் முறையும் வழங்கியது. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் தொழிலாளர்க்குத் தோட்டத்துரை ஒரு காகிதத் துண்டை எழுதிக் கொடுப்பார். இவர்களுக்கு இவ்வளவு கடன் உண்டு, அதனைச் செலுத்துபவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்பது அதன் பொருள். புதிய தோட்டம் அக்கடனைக் கொடுத்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடன் அதனால் தீர்ந்துவிடுவதில்லை. பழைய தோட்டத்தின் கணக்கிலிருந்து புதிய தோட்டத்தின் கணக்குக்கு மாறுவதே நிகழ்ந்தது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் துண்டு தொழிலாளியின் கையிலேயே இருந்தது. அவனுடைய எதிர்காலம் முழுவதும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அதை அவன் படிக்க இயலாது. எழுதியவர் கடனைக் கூட்டி எழுதினாரா, குறைத்து எழுதினாரா என்பதை அவன் பிறர் வாயிலாகவே அறிய வேண்டியிருந்தது. தன் சுதந்திரத்தின் விலையை அயல்மொழியில் எழுதித் தானே சுமந்து சென்றவன் அவன்.

இத்தகைய நிலை மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்து தமிழ்த் தொழிலாளர் சென்ற இடமெல்லாம் இதுவே கதை. தென்னாபிரிக்காவின் நேட்டாலில் 1894ஆம் ஆண்டில் பாலசுந்தரம் என்னும் ஒப்பந்தக் கூலி, முதலாளியால் அடிக்கப்பட்டு, பல் உடைந்து, இரத்தம் தோய்ந்த ஆடையுடன் ஓர் இளம் வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு வந்தார். அந்த வழக்கறிஞர் மோகன்தாஸ் காந்தி. காந்தியடிகளுக்கு அப்போது தமிழ் தெரியாது. அவரிடம் பணியாற்றிய தமிழ் எழுத்தர் ஒருவரே பாலசுந்தரத்தின் கதையைக் கேட்டு எடுத்துரைத்தார். உடனே மருத்துவச் சான்று பெறப்பட்டது. வழக்கு நீதவான் முன் சென்றது. பாலசுந்தரம் வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டார். இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது பலர் காந்தியடிகளின் கருணையை நினைவுகூர்வர், அது தக்கதே. ஆனால், அந்தத் தமிழ் எழுத்தர் அங்கு இல்லாதிருந்தால் அக்கருணைக்கு வழி திறந்திருக்குமா என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் இத்துறையில் முதற்கண் குறிப்பிடத் தக்கவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். அரசாங்க சேவையில் உயர்பதவிகள் வகித்து ஓய்வுபெற்ற அவர், 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளை நீக்க வேண்டும் என்பதே அதன் தலையாய கோரிக்கை. அச்சங்கத்தின் செயலாளராக இருந்து உழைத்தவர், மலைநாடு தந்த முதல் வழக்கறிஞராகப் போற்றப்படும் பெரி சுந்தரம். பெரியண்ணன் சுந்தரம் என்னும் பெயரின் சுருக்கமே பெரி சுந்தரம். 1890ஆம் ஆண்டில் பிறந்த அவர் கண்டித் திரித்துவக் கல்லூரியிலும், பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிஜ் பல்கலைக் கழகத்திலும் பயின்று பாரிஸ்டரானவர். தோட்டத் தொழிலாளரின் தமிழையும் கேம்பிரிஜ்ஜின் ஆங்கிலத்தையும் ஒருங்கே அறிந்தவர் அக்காலத்தில் மிக அரியர்.

இத்தகையோர் எழுப்பிய குரலும், இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் சேர்ந்து பயன் தந்தன. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையைத் தடை செய்தது. அதையொட்டித் தொழிலாளரைச் சிறையிடும் பிரிவுகளும் நீங்கின. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தோட்டத்தில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை ஏற்படுத்தியது.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசாங்க சபைக்கு நடந்த முதல் தேர்தலில் ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவானார். சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குழுவின் தலைவரும் அமைச்சரானார். தொழில், கைத்தொழில், வாணிபம் ஆகிய துறைகளுக்குரிய குழுவுக்கு அவர் தலைவராகி, 1936 வரை அமைச்சராகப் பணியாற்றினார். தோட்டத்து மக்களிடையே தோன்றிய ஒருவர் தொழில் அமைச்சரானது அன்று சிறிய செய்தியன்று.

அவருடைய பதவிக் காலத்தில் நிறைவேறிய இரு சட்டங்கள் குறிப்பிடத் தக்கவை. ஒன்று, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். அதற்கு முன்பு, தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்தில் கை சிதைந்த ஒருவர் ஈடு பெற வேண்டுமாயின், முதலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று வழக்காடி நிரூபிக்க வேண்டும். இச்சட்டமோ, வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து என்பது தெளிவானால் ஈடு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. மற்றொன்று, 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கச் சட்டம். சங்கங்கள் பதிவு செய்துகொண்டு சட்டத்தின் பாதுகாப்பில் இயங்குவதற்கு அது வழி செய்தது.

ஆயினும், சட்டப் புத்தகத்தில் ஓர் உரிமை எழுதப்பட்டுவிட்டால் அது லயத்துக்குத் தானே நடந்து வந்து சேர்வதில்லை. நட்டஈடு கோர வேண்டுமானால் விபத்தைப் பற்றி உரிய காலத்தில் அறிவிக்க வேண்டும்; அறிவிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அரசாங்க சபையில் பேச்சும் ஆங்கிலம், சட்டமும் ஆங்கிலம். தொழிலாளியின் துன்பத்தைச் சட்டத்தின் மொழியிலே எடுத்துரைக்கப் பெரி சுந்தரம் போன்றவர் இருந்தனர். சட்டத்தைத் தொழிலாளியின் மொழிக்குக் கொண்டுவருவது யார்?

இப்பணியில் முன்னின்றவர் கோ. நடேசையர். அவர் வழக்கறிஞர் அல்லர், பத்திரிகையாளர். தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் விளக்கிச் சிறுநூல்கள் வெளியிட்டார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் நாட்டார் மெட்டுகளில் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களில் பாடி, படிப்பறியாதவர் செவிக்கும் செய்தியைச் சேர்த்தார். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹட்டன் தொகுதியைக் கைப்பற்றியவர் இந்த நடேசையரே. பெரி சுந்தரமும் நடேசையரும் அரசியலில் ஒரே வழியில் நின்றவர்கள் அல்லர். எனினும், இன்று திரும்பிப் பார்க்கும்போது இருவர் பணியும் ஒரு பாதையின் இரு போக்குகளாகத் தோன்றுகின்றன. மக்களின் வாழ்க்கையைச் சட்டத்தின் மொழிக்கு ஏற்றிச் செல்வது ஒன்று. சட்டத்தை மக்களின் மொழிக்கு இறக்கி வருவது மற்றொன்று. இரண்டும் சேர்ந்ததே இருமொழி வழக்கறிஞரின் தொழில்.

இத்தொழில் தமிழருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1940ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதைப் பற்றி ஆராய்ந்த விசாரணைக் குழுவின் முன் கோவிந்தனுடைய மனைவியின் சார்பில் தோன்றி வாதாடியவர், சிங்கள வழக்கறிஞரான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. மொழி வேறானாலும் கட்சிக்காரரின் துயரைத் தம் துயராகக் கொள்ளும் மனம் இருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு அது சான்று.

அடுத்து வருவது இக்கதையின் மிகக் கடினமான பகுதி. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். இறம்பொடை வேவண்டன் தோட்டத்தைச் சேர்ந்த சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாத் தொகுதியிலிருந்து தெரிவானது அத்தேர்தலிலேதான். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் சட்டம், பதிவின் மூலம் பிரஜாவுரிமை பெற ஒரு குறுகிய வாயிலைத் திறந்தது. அதே ஆண்டில் வந்த தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளுக்கே வாக்குரிமை என்று விதித்தது.

அந்தக் குறுகிய வாயிலின் அளவை நேயர்கள் அறிய வேண்டும். மணமானவர் 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் தேதிக்கு முன் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இலங்கையில் இடைவிடாது வசித்திருக்க வேண்டும். ஒரு முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத வெளிப்பயணம் மட்டுமே மன்னிக்கப்படும். இவற்றையெல்லாம் ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் காலம் 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், ஏறத்தாழ 8,24,000 மக்களுக்காகச் சமர்ப்பிக்கப்பட்டன. 1960களின் முற்பகுதியில் அவ்வேலை முடிவெய்தியபோது பிரஜாவுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே.

எஞ்சியோர் ஏன் பெறவில்லை? அரசின் மனப்போக்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் பொருளுக்கு நெருங்கிய காரணம் வேறொன்று உண்டு. சட்டம் கேட்ட கேள்விகள் தோட்டத்து வாழ்க்கையின் அமைப்போடு பொருந்தவில்லை.

பெயரை எடுத்துக்கொள்வோம். பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும், தோட்டத்துச் செக்ரோலில் வேறு விதமாகவும், அரிசிக் கூப்பனில் மற்றொரு விதமாகவும் ஒரே மனிதரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர்கள் ஆங்கில எழுத்தில் காதுக்குப் பட்டவாறு எழுதினார்கள். பெருமாள் என்பவர் மூன்று ஏடுகளில் மூன்று எழுத்துக்கோவையில் நின்றால், மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து நிறுவ வேண்டியிருந்தது.

திருமணத்தை எடுத்துக்கொள்வோம். கோயிலில் உறவினர் முன்னிலையில் தாலி கட்டி நடந்த மணங்கள் பல பதிவு செய்யப்படவில்லை. சட்டமோ சான்றிதழைக் கேட்டது. ஊரறிந்த மனைவி ஏட்டில் மனைவியாகவில்லை.

இவ்விரண்டையும் விட நுட்பமானது ‘ஊர்’ என்னும் சொல். “உன் ஊர் எது?” என்று கேட்டால், இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரும், பாட்டனார் புறப்பட்டு வந்த திருச்சிராப்பள்ளியிலோ சேலத்திலோ உள்ள ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்வது நம் மக்களின் வழக்கம். ஊர் என்பது இங்கே பூர்விகத்தைக் குறிக்கிறது. குலதெய்வம் இருக்கும் இடத்தைக் குறிக்கிறது. அதிகாரியின் தாளில் அதே விடை ‘நிரந்தர வதிவிடம் இந்தியா’ என்று விழுந்துவிட்டால், தமது வாயாலேயே தமது உரிமையை இழந்தவராகிவிடுகிறார் அம்மனிதர். அவர் பொய் சொல்லவில்லை. மொழிபெயர்த்தவரும் சொல்லுக்குச் சொல் சரியாகவே பெயர்த்தார். தவறு, இரண்டு சொற்களும் ஒரே பொருளின என்று கொண்டதில் இருக்கிறது. இவ்விடத்தில்தான் இரு மொழியின் சொற்களை மட்டுமன்றி இரு மொழியின் வாழ்க்கையையும் அறிந்த வழக்கறிஞர் வேண்டப்படுகிறார். “ஐயா, இவர் சொன்ன ஊர் வேறு, சட்டம் கேட்கும் வதிவிடம் வேறு” என்று எழுந்து நின்று சொல்பவர் அவர்.

பெரிய நீதிமன்றங்களிலும் வழக்குகள் நடந்தன. அவற்றுள் தலையாயது கோடக்கன் பிள்ளையின் வழக்கு. பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும், எந்த ஒரு சமூகத்தின் மீதும் பிறருக்கு இல்லாத தடையை விதிக்கலாகாது என்னும் சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று அதில் வாதிக்கப்பட்டது. 1951இல் இலங்கை உயர் நீதிமன்றமும், 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சட்டத்தின் சொற்கள் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை என்பது தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று. ஒரு சமூகத்தின் பெயரை உச்சரிக்காமலே அச்சமூகத்தைப் பாதிக்கக் கூடிய சட்டத்தை அதன் பயனைக் கொண்டு அளப்பதா, சொல்லைக் கொண்டு அளப்பதா என்பது இன்றும் சட்டக் கல்லூரிகளில் ஆராயப்படும் வினாவாக இருக்கிறது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பது என்றும் முடிவாயிற்று. 1974இல் அந்த எஞ்சியோரும் பாதி பாதியாகப் பகிரப்பட்டனர். 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தன. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்று கடைசிச் சட்டம் கூறியது. அவ்வாண்டிலேயே அதிகாரிகள் நடமாடும் நிலையங்களாகத் தோட்டப் பகுதிகளுக்கே சென்றனர். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகரகம் துணை நின்றது. பத்து நாள் அளவில் சுமார் 1,90,000 பேர் பயன்பெற்றனர். 1951இன் அனுபவத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. அன்று மக்கள் சட்டத்தைத் தேடி அலைந்தனர். இன்று சட்டம் மக்களைத் தேடி வந்தது. அரை நூற்றாண்டில் தீராதது பத்து நாளில் தீர்ந்ததற்கு, சட்டத்தின் எளிமையும், அது மக்களின் வாயிலுக்கே கொண்டுசெல்லப்பட்டதும் முக்கிய காரணங்கள்.

இனி, நீதிமன்றத்தின் மொழிக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. 1961ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் அதனை நீதிமன்றங்களுக்கும் விரிக்க வழி செய்தது. அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சி இல்லாமையால் சம்பள உயர்வு மறுக்கப்பட்டபோது, மொழிச் சட்டமே செல்லாது என்று வழக்கிட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிட முடியாது என்று அதனை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம், வழக்கிட முடியும் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே விட்டது. 1972இல் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தமையால் அந்த வினா விடையின்றியே நின்றுவிட்டது.

இன்றைய நிலை வேறு. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தால் அமைந்த 24ஆம் உறுப்புரை, சிங்களமும் தமிழும் இலங்கை முழுவதும் நீதிமன்றங்களின் மொழிகள் என்கிறது. ஆயினும், தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகள் தவிர மற்ற இடங்களில் நீதிமன்றம் சிங்களத்தில் இயங்கும் என்பது பொதுவிதி. 1999இல் இறம்பொடையை உள்ளடக்கிய கொத்மலை உட்பட, நுவரெலியா மாவட்டத்தின் அன்றைய ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. எனினும் நிர்வாகம் வேறு, நீதிமன்றப் பதிவு வேறு.

இதனால், வழக்காளியாகவோ எதிரியாகவோ நீதிமன்றம் செல்லும் தமிழர் தமக்குரிய சில உரிமைகளை நினைவில் இருத்துதல் வேண்டும். வழக்காடுபவர் தமது மனுவைத் தமிழிலேயே சமர்ப்பிக்கலாம். நீதிமன்றம் நடைபெறும் மொழியை அறியாதவர், தமிழில் உரைபெயர்ப்பைப் பெற உரித்துடையவர். அதனை அரசாங்கமே வழங்க வேண்டும். பொலிசு நிலையத்தில் எழுதப்படும் வாக்குமூலத்தை, அது எழுதப்பட்ட மொழி தெரியாதவர்க்கு அவர் அறிந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் விதிக்கிறது; கேட்டபின் விளக்கம் கூறவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. வசதியற்றவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குத் தொழில் நியாயசபை உண்டு.

இவ்வுரிமைகள் யாவும் நல்லவை. ஆயின், கேட்பவர்க்கே கிடைப்பவை. பொருள் விளங்காமல் தலையசைப்பவர்க்கு அவை பயன்படா. நம் நாட்டு நீதிமன்றத் தமிழிலே குற்றத்தை ஒப்புக்கொள்பவர் ‘குற்றவாளி’, மறுப்பவர் ‘சுற்றவாளி’. இவ்விரு சொற்களுக்கும் ஓர் எழுத்தே வேறுபாடு. கூட்டத்தின் இரைச்சலில், அச்சத்தோடு நிற்கும் ஒருவர், அவசரமாக உரைபெயர்க்கப்பட்ட வினாவைச் சரியாகக் கேளாமல் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால், அதன் விளைவை அவர் குடும்பம் முழுவதும் சுமக்க வேண்டும். உரைபெயர்ப்பாளர் பற்றாக்குறையும், தமிழ் அறிந்த பொலிசார் போதாமையும் பல்லாண்டுக் குறைகள். 2011ஆம் ஆண்டில் அறிக்கை தந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும், பொலிசு நிலையங்களில் எந்நேரமும் தமிழ் பேசும் அலுவலர் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியது.

இது தமிழருக்கு மட்டும் உரிய இடர் என்று கருதலாகாது. இந்நாட்டின் ஆதிக்குடிகளான வேடர், 1983இல் மாதுறு ஓயா வனம் தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, பரம்பரையாகத் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த காட்டில் அத்துமீறியவராகக் கருதப்பட்டனர். காட்டோடு தமக்குள்ள உறவைச் சட்டத்தின் சொற்களில் சொல்ல அவர்களுக்கும் பிறர் துணை வேண்டியிருந்தது. சிறுபான்மை மொழியினரும் பழங்குடியினரும் உள்ள நாடுகளிலெல்லாம் இதே தேவை காணப்படுகிறது.

பெரி சுந்தரம் 1957ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் காலத்தில் மலைநாட்டு இளைஞர் ஒருவர் சட்டம் பயில்வது வியப்புக்குரியதாக இருந்தது. இன்று தோட்டப் பாடசாலைகளில் பயின்றவர்கள் பல்கலைக் கழகங்களுக்கும் சட்டக் கல்லூரிக்கும் செல்கின்றனர். அவர்கள் ஆங்கிலத்தோடு சிங்களத்தையும், எழுதவும் வாதாடவும் போதிய அளவில் கற்றல் வேண்டும். அவ்வாறே, மலைநாட்டு நீதிமன்றங்களில் தொழில் புரியும் சிங்கள வழக்கறிஞரும் தமிழைக் கற்றல் வேண்டும். லயத்தில் நடந்த ஒரு சச்சரவு, கொழுந்து நிறையில் ஏற்பட்ட ஒரு பிணக்கு, வீட்டுக் காணி உறுதியில் விடுபட்ட ஒரு பெயர் ஆகிய சிறிய விவகாரங்களே ஒரு குடும்பத்தின் நிம்மதியைத் தீர்மானிக்கின்றன. அவற்றைப் பொறுமையோடு கேட்டு, சட்டம் ஏற்கும் சொல்லில் எழுதி, தீர்ப்பை மீண்டும் கட்சிக்காரருக்கு அவர் மொழியிலேயே விளக்குகிறவர் பெரும்புகழ் அடையாமற் போகலாம். ஆனால், அத்தகையவர் ஒருவர் உள்ள ஊரில் மக்கள் நீதிமன்றப் படியை அச்சமின்றி ஏறுவர்.

நேயர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளங்காத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள், கைந்நாட்டும் இடாதீர்கள். “எனக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள்” என்று மரியாதையோடும் உறுதியோடும் கேளுங்கள். அது எவரிடமும் கேட்கும் சலுகையன்று. சட்டம் உங்களுக்குத் தந்துள்ள உரிமை.